கேபிள் டையை இறுக்க பிளேயர் போதுமா, 'கன்' வேண்டுமா?

மேச்சேரி வெயிலில் மொட்டை மாடி சோலார் பேனலைத் தாங்கும் சட்டம் இருபது வருஷம் நிற்கும். அதன் வயரைப் பிடித்திருக்கும் வெள்ளை நைலான் டை அவ்வளவு நாள் தாங்காது. ஒடிந்ததும் வயர் கூரையில் தொங்கி, காற்றில் உரசி, இன்சுலேஷன் தேயும். வரிசையாக இணைத்த பேனல்களில் டி.சி. மின்னழுத்தம் சில நூறு வோல்ட் வரை இருக்கலாம். பகலில் மெயினை ஆஃப் செய்தாலும் பேனல் பக்கம் கரண்ட் இருக்கும். "டைதானே, பார்த்துக்கலாம்" என்று விடக்கூடாதது இதனால்தான்.

வெளியில் போடுவதற்குக் கறுப்பு டை வாங்குங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கக் கார்பன் கலந்ததா என்று கேட்டு வாங்குவது நல்லது. வெறும் கறுப்புச் சாயத்தால் பயனில்லை. அகலத்தையும் பாருங்கள். 2.5 மி.மீ. டை சுமார் 8 கிலோ இழுவை தாங்கும், 3.6 மி.மீ. 18 கிலோ, 4.8 மி.மீ. 22 கிலோ. பாக்கெட்டைப் பிரித்துவிட்டால் மீதியை இறுக்கி மூடி வையுங்கள். ஈரப்பசை போய்க் காய்ந்த நைலான், இறுக்கும்போதே படக்கென்று ஒடியும்.

இனி கருவி. நம்மூரில் வழக்கம் என்ன? வாலை கட்டிங் பிளேயரில் பிடித்து ஒரு முறுக்கு, ஒரு இழு, ஒரு வெட்டு. இதில் இரண்டு கோளாறு. எவ்வளவு இறுக்கினோம் என்பது கைக்குத் தெரியாது. இன்டர்நெட் கேபிள் போன்றவை நசுங்கி சிக்னல் கெடும். இரண்டாவது, சாய்வாக வெட்டிய முனை பிளேடு மாதிரி நிற்கும். அடுத்து ரிப்பேருக்கு வருபவர் கைதான் கிழியும். பட்டிக்கு வலை கட்டுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மேச்சேரி ஆட்டுக்குப் பெயரே அதன் தோல்தான், அதில் கீறல் விழலாமா?

வேடிக்கை என்னவென்றால், கேபிள் டை பிறந்ததே கையைக் காப்பாற்றத்தான். விமானத் தொழிற்சாலையில் மெழுகு நூலால் வயர்களைக் கட்டியவர்களின் விரல்கள் புண்ணானதைப் பார்த்து, அமெரிக்காவின் தாமஸ் அண்ட் பெட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த மாரஸ் லோகன் 1958-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

டென்ஷன் கன் இந்த இரண்டு கோளாறையும் தீர்க்கிறது. கையால் டையை முதலில் இறுக்கிவிட்டு, வாலை கன்னின் மூக்கில் நுழைத்துத் தலையோடு ஒட்டி வையுங்கள். கைப்பிடியை அழுத்த அழுத்த வால் இழுபடும். திருகில் வைத்த அளவு வந்ததும் கன் தானே வெட்டிவிடும், முனை நீட்டாது. அழுத்தும்போது கன்னைத் திருப்பக் கூடாது. பெரும்பாலான சின்ன கன்கள் 4.8 மி.மீ. வரைதான் எடுக்கும். ஸ்டீல் டைக்குத் தனிக் கருவி உண்டு. நைலான் கன்னில் அதைத் திணித்தால் பிளேடு போய்விடும்.

எல்லோரும் கன் வாங்க வேண்டுமா? வருஷத்துக்கு இருபது டை போடுகிறவருக்கு அது வீண் செலவு. கையால் இறுக்கி, முனையைத் தலையோடு மட்டமாக வெட்டும் ஃப்ளஷ் கட்டர் போதும். தட்டையான பக்கம் டையின் தலையைப் பார்த்து இருக்கட்டும். சோலார், கேமரா வேலையைத் தொழிலாகச் செய்பவர்கள் கன் வைத்துக்கொள்வதுதான் சரி.

பழைய டையைக் கத்தியால் அறுக்காதீர்கள், வயரில் இறங்கிவிடும். வெட்டிய வால்களையும் பொறுக்கிவிடுங்கள். மேயும் ஆடு எதையும் வாயில் வைக்கும்.