தொலைவிலிருந்து ஒரு தரச் சோதனை

ஊசி மருந்துக் குப்பியில் மயிரிழை போன்ற விரிசல். அதன் வழியே கிருமி புகுந்தால் மருந்தே நஞ்சாகலாம் அல்லவா? ஆகவே, நகரும் பட்டையில் வரும் ஒவ்வொரு குப்பியையும் காமிரா படம் பிடிக்கிறது. பழுதானதை இயந்திரக் கை ஒதுக்குகிறது.

10,000 கி.மீ. அப்பாலுள்ள பொறியாளர் ஒருவர் இணையம் வழியாக இந்தக் கையை இயக்க முடியுமா? மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கி.மீ. செல்லும். படம் போய்க் கட்டளை திரும்பவே 0.1 விநாடி ஆகும். பட்டை விநாடிக்கு 2 மீட்டர் ஓடினால், அதற்குள் குப்பி 20 செ.மீ. நகர்ந்துவிடும்!

கையை 20 செ.மீ. தள்ளி வைத்தால் போதாதா? போதாது. இணையத்தில் நெரிசலுக்கேற்பத் தாமதமும் மாறும். பழுதான குப்பி தப்பிவிட, நல்ல குப்பி தள்ளப்படும். எனவே, ஒதுக்கும் முடிவைப் பட்டையருகே உள்ள கணிப்பொறியே எடுக்கிறது.

தொலைவிலுள்ளவருக்கு வேலையில்லையா? உண்டு. 1924-இல் அமெரிக்காவின் வால்ட்டர் ஷூவார்ட் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடத்தை அவர் கவனிக்கிறார். அளவுகளைக் காட்டும் புள்ளிகள் எல்லைக்கோட்டைத் தாண்டினால், இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று பொருள். அதைக் கண்டறியச் சில விநாடித் தாமதம் தடையல்ல.

பழுதை ஒதுக்க வேகம் வேண்டும். பழுதின் காரணத்தை அறியச் சிந்தனை வேண்டும்.