உயிர்வாயு நஞ்சாகும் ஆழம்

“அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு” என்பது வகுப்பறையில் நாம் பலமுறை எடுத்தாளும் பழமொழி. ஆயினும், அந்த அளவு எது, அதனை எவ்வாறு கண்டறிவது என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது. உயிர் என்னும் சொல்லையே தன் பெயரில் தாங்கி நிற்கும் உயிர்வாயு, அதாவது ஆக்சிஜன், கடலடியில் நஞ்சாவதை ஆராய்ந்தவர்கள் இவ்வினாக்களை நேருக்கு நேர் எதிர்கொண்டார்கள்.

முதலில் அடிப்படையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கடல்மட்டத்தில் நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் உள்ளது. கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு உயிர்வாயு. எனவே கடல்மட்டத்தில் அதன் பகுதி அழுத்தம் 0.21 ஆகும். 40 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் ஐந்து மடங்காவதால் அது 1.05 ஆகிவிடுகிறது. விழுக்காடு மாறுவதில்லை, அழுத்தமே மாறுகிறது. உடல் உணர்வது அவ்வழுத்தத்தையே.

மிகை அழுத்தத்தில் உயிர்வாயு விலங்குகளுக்கு வலிப்பை உண்டாக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். குறைந்த அழுத்தத்திலும் நெடுநேரம் சுவாசித்தால் நுரையீரல் பாதிப்புறும் என்பதை 1899இல் ஜேம்ஸ் லொரெய்ன் ஸ்மித் காட்டினார். முக்குளிப்பாளர் பெரிதும் அஞ்ச வேண்டியது வலிப்பையே. தரையில் வலிப்பு வந்தவரைக் காப்பாற்றிவிடலாம். நீருக்கடியிலோ, சுவாசக் கருவி வாயிலிருந்து நழுவி, அவர் மூழ்கி இறக்க நேரிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது இவ்வாய்வு உடனடித் தேவையாயிற்று. எதிரியின் துறைமுகத்திற்குள் மறைவாகச் செல்லும் பிரிட்டிஷ் கடற்படையினர், நீர்க்குமிழிகள் மேலெழுந்து தங்களைக் காட்டிக்கொடுக்காதிருக்கத் தூய உயிர்வாயுவைச் சுவாசித்தனர். பயிற்சியிலேயே சிலர் நினைவிழந்தனர். தொட்டியின் அடியில் பதுங்கியிருக்கும் ஒரு பூதமாக அவர்கள் அதனைக் கருதி, ‘ஆக்சிஜன் பீட்’ என்று பெயரும் இட்டிருந்தனர். இதன் காரணத்தை ஆராயும் பொறுப்பு 1942இல் மருத்துவர் கென்னத் டோனல்டிடம் வந்தது. தன்னார்வலர்கள் நூற்றுக்கணக்கான முறை தம் உடலையே ஆய்வுக்கு ஒப்புவித்தனர். உதட்டுத் துடிப்பு, குமட்டல், தலைச்சுற்றல், வலிப்பு ஆகியன அங்கே பதிவுசெய்யப்பட்டன.

அவர்கள் எதிர்பார்த்தது ஒரு தெளிவான எல்லைக்கோடு. கிடைத்ததோ வேறு. 27 மீட்டர் ஆழத்திற்கு இணையான அழுத்தத்தில், நீரற்ற அறையில் 36 நலமான வீரர்கள் தூய உயிர்வாயுவைச் சுவாசித்தனர். ஒருவர் 96 நிமிடம் தாங்கினார். அறுவர் 10 நிமிடத்திற்குள்ளேயே தளர்ந்தனர். ஒரே வீரரின் தாங்குதிறன்கூட நாளுக்கு நாள் மாறியது: ஒரு நாள் 10 நிமிடத்திற்கும் குறைவு, மற்றொரு நாள் இரண்டு மணி நேரத்திற்கும் மேல். நீருக்குள் தாங்குதிறன் மேலும் குறைந்தது. உழைப்பு அதனை இன்னும் குறைத்தது. முன்னறிகுறி ஏதுமின்றியே வலிப்பு வருவதும் உண்டு. இம்முடிவுகளை டோனல்ட் 1947இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வெளியிட்டார்.

இங்கேதான் நாம் பழமொழிக்குத் திரும்ப வேண்டியுள்ளது. அளவு என்பது உயிர்வாயுவில் மட்டும் இல்லை. அதைச் சுவாசிப்பவரின் அன்றைய உடல்நிலையிலும், அவர் இருக்கும் சூழலிலும் இருக்கிறது. ஆகவே, பாதுகாப்பு எல்லையைச் சராசரி மனிதரைக் கொண்டு வகுத்தல் இயலாது. மிக எளிதில் பாதிப்புறுபவரின் மிக மோசமான நாளை மனத்திற்கொண்டே அதனை வகுக்க வேண்டும். இன்று ஸ்கூபா முக்குளிப்பில் உயிர்வாயுவின் பகுதி அழுத்தம் 1.4ஐத் தாண்டலாகாது என்று கற்பிக்கப்படுவது இக்கருத்தின் வழிவந்ததே. 32 விழுக்காடு உயிர்வாயு கொண்ட கலவையைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 33 மீட்டருடன் நின்றுவிட வேண்டும். “சென்ற வாரம் 40 மீட்டர் சென்றேன், ஒன்றும் ஆகவில்லை” என்பது சான்றாகாது. அது ஒரு நாளின் செய்தி மட்டுமே.

ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் மாணவர்களையே செய்துபார்க்கச் சொல்லலாம்: 1.4ஐ 0.32ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, பத்தால் பெருக்கினால் ஆழம் மீட்டரில் கிடைக்கும். அதன்பின், 36 வீரர்களின் தாங்கு நேரத்திற்குச் சராசரி கண்டு அதையே எல்லையாக வைத்தால் என்ன நேரும் என்று வினவலாம். அவ்வெல்லைக்குள்ளேயே எத்தனை பேர் வீழ்ந்திருப்பர் என்பதை மாணவர்கள் தாமே உணர்வார்கள். சராசரி எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை விளக்க இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.