ரயில் ஜன்னலில் தெரியாத சிலிகா

புவனேஸ்வரத்திலிருந்து சென்னைக்குப் போகும்போது காலுபாடா காட் தொடங்கி ரம்பா வரை இடது பக்க ஜன்னலில் சிலிகா ஏரி விட்டுவிட்டுத் தெரியும். "அதோ பார், கடல் மாதிரி!" என்று குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவோம்.

நானும் அப்படித்தான். பாலுகாவில் ஆறு வருடம் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தும், ஏரி எனக்கு மழைக்காலத்தில் தலைவலி தரும் தண்ணீர், அவ்வளவுதான். தண்டவாளத்தையே பார்த்துப் பழகிய கண் வானத்தைப் பார்க்கவில்லை.

1988 டிசம்பரில் ஒரு கேங்மேன் இரண்டு வாத்துகளைக் கொண்டுவந்தார். ஒல்லிக் கழுத்து, ஊசி போன்ற வால். காசு வாங்க மறுத்துவிட்டார். மிளகு வறுத்து அரைத்துக் குழம்பு வைத்தோம். ருசித்துச் சாப்பிட்டேன் என்பதையும் மறைப்பானேன்?

ஓய்வு பெற்றபின் ஏரியின் வடகரையில் உள்ள மங்களாஜோடிக்குப் போனேன். இயந்திரமில்லாத படகு, மூங்கில் கழியால் ஊன்றித் தள்ளுகிறார்கள். நாணலுக்கு நடுவே ஆயிரக்கணக்கில் கருவால் மூக்கன்கள். நீலத்தாழைக் கோழிகள் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கின்றன. அப்பால் ஒரு கூட்டம் வாத்து. அதே ஊசி வால்! வட ஆசியாவிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் ஊசிவால் வாத்துகள். எனக்குத் தொண்டை அடைத்தது.

படகுக்காரரிடம் பழைய கதையைச் சொன்னேன். சிரித்தார். "பாபு, நீங்கள் தின்றது இரண்டு. ஒரே இரவில் நான் கொன்றதற்குக் கணக்கில்லை."

மங்களாஜோடி ஒரு காலத்தில் வேட்டைக்காரர்களின் ஊர். துப்பாக்கி, வலை, விஷம் எல்லாம் உண்டு. 2000-ஆம் ஆண்டு வாக்கில் அவர்களே பறவைப் பாதுகாப்புச் சங்கம் அமைத்துக் காவலர்களானார்கள். பறவை இருக்கும் இடம் வேட்டைக்காரனை விட வேறு யாருக்குத் தெரியும்?

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் தூர்ந்து, உப்பு குறைந்து, களை மண்டி, மீன் குறைந்து ஏரி நலிந்து கிடந்தது. 1993-இல் ராம்சர் அமைப்பின் அபாயப் பட்டியலில்கூடச் சேர்ந்துவிட்டது. புதிய முகத்துவாரம் வெட்டியதும் உப்பும் மீனும் திரும்பின. 2002-இல் பட்டியலிலிருந்து நீங்கியது. 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் பறவைகள் 11 லட்சத்துக்கும் மேல். அடைபட்ட வழியைத் திறந்தால் தண்ணீர் தன் வேலையைத் தானே செய்யும் என்பது என் போன்ற டிப்ளமோக்காரனுக்கும் புரியும்.

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு நாள் குடும்பத்தோடு போய் வாருங்கள். விடியற்காலையில் படகேறுவது நல்லது. சத்தம் போடாதீர்கள், ஒரு பைனாகுலர் போதும். முடியாவிட்டால், அடுத்த முறை ஊருக்குப் போகையில் பொட்டலத்தைக் கொஞ்சம் தாமதமாகப் பிரியுங்கள்.

அந்த இரண்டு வாத்துகளின் கடனை இப்படித்தான் அடைக்கிறேன்.