ஆலை வேலைக்குப் போனவரும் கால்நடைப் படிப்பும்

பட்டுக்குப் பெயர்பெற்ற ஆரணி வேறு. எங்கள் ஆரணி திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாற்றங்கரையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் அருகில் என்பதால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு கம்பெனி வேனில் ஏறிவிடும் பிள்ளைகள் இங்கு பலர். ஓரிரு ஆண்டுகள் கழித்து அவர்களில் சிலர் மதிப்பெண் சான்றிதழோடு பள்ளிக்கு வருகிறார்கள். “சார், மாட்டு டாக்டருக்கு இனிமேல் படிக்க முடியுமா?” நான் உயிரியல் ஆசிரியர் என்பதால் கேள்வி என்னிடம்தான் வரும்.

முந்தைய ஆண்டுகளில் தேறியவர்களும் விண்ணப்பிக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவேன். வயது வரம்பை மட்டும் அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்து நான் கேட்பது, “பிளஸ் ஒன்னில் என்ன குரூப் எடுத்தாய்?” மதிப்பெண் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கால்நடை மருத்துவப் பட்டத்துக்கு இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் வேண்டும். நான்கரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், மாநில ஒதுக்கீட்டு இடங்களைப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குத்தான் நீட். இந்த வேறுபாடு தெரியாமல் ஒதுங்கிவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கணிதம், கணினி அறிவியல் படித்தவர் மருத்துவராக முடியாது. ஆனால் அதே பல்கலைக்கழகத்தில் பால்வளம், உணவு, கோழியினத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் நான்காண்டு பி.டெக். படிப்புகள் உண்டு. பால்வளமும் உணவும் நம் மாவட்டத்திலேயே கொடுவள்ளிக் கல்லூரியில். கோழியினத்துக்கு ஓசூர் போக வேண்டும். ஆலை இயந்திரத்தோடு பழகிய பையனுக்குப் பால் பதப்படுத்தும் நிலையம் அந்நிய இடமாகத் தோன்றாது. என் கருத்தில், அப்படிப்பட்டவருக்கு இது இரண்டாந்தரத் தேர்வே அல்ல.

வணிகவியல் படித்தவரிடம் பூசி மெழுகக் கூடாது. இந்தப் பட்டங்கள் எதற்கும் அவர் விண்ணப்பிக்க இயலாது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பால்வளத் தொழில்நுட்பப் பட்டயம், கோழி வளர்ப்புச் சான்றிதழ் போன்றவற்றை வேலையை விடாமலே படிக்கலாம். பண்ணை வைக்க அவை உதவும். மருத்துவம் பார்க்கும் உரிமையைத் தராது. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி அதற்குப் பட்டமும் பதிவும் தேவை.

பணம் பற்றிய பேச்சு இதற்குப் பிறகு வரும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் பெறுவோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. ஆனால் வேலைக்குப் போய்விட்டவருக்குக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு, நின்றுபோகும் சம்பளம். ஒரு மாணவரின் சம்பளத்தில் பாதி தங்கையின் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. “ஐந்தரை வருஷம் அம்மா சமாளிப்பாங்களா சார்?” என்றார். அதற்கு நான் பதில் சொல்வது முறையில்லை. அம்மாவையும் அழைத்துவரச் சொன்னேன். மூவரும் உட்கார்ந்து, ஆண்டுவாரியாக வீட்டுச் செலவைத் தாளில் எழுதினோம். வீட்டில் கறவை மாடு இரண்டு. பால் பணம் எவ்வளவு வருகிறது என்பது அம்மாவுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. “தங்கச்சி பிளஸ் டூ முடிக்கட்டும், ஒரு வருஷம் பொறுத்துப் போடட்டும்” என்றார் அவர். வயது வரம்பைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

இப்போதெல்லாம் பிளஸ் ஒன் சேர்க்கையின்போது தலைமையாசிரியரின் அனுமதியோடு நானும் சேர்க்கை மேசையருகே உட்காருகிறேன். வீட்டில் மாடு, ஆடு இருக்கிறதா என்று கேட்பேன். இருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளிடம், குரூப்பைக் குறிக்கும் முன்பே, உயிரியல் எடுத்தால் எந்தக் கல்லூரிக்குப் போகலாம், எடுக்காவிட்டால் எதற்குப் போக முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.