பெட்ரோலைச் சூடாக்கினால் எண்ணெய் மிச்சமா?

2008ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி மலேசியாவில் பெட்ரோல் விலை லிட்டருக்கு 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70 ரிங்கிட்டுக்கு ஒரே நாளில் ஏறியது. அந்த வாரங்களில் எங்குச் சென்றாலும் எண்ணெய் மிச்சப்படுத்தும் கருவிகளைப் பற்றிய பேச்சுதான். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. அப்பா இரவுச் சந்தையில் வாங்கி வந்தார். சுருளாகச் சுற்றிய செம்புக் குழாய் அது. கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயை ரேடியேட்டரின் வெந்நீர்க் குழாயோடு சேர்த்துக் கட்டுவதற்கானது. "பெட்ரோல் சூடானால் ஆவியாகும், ஆவியானால் முழுதாக எரியும், முழுதாக எரிந்தால் பாதி எண்ணெய் மிச்சம்" என்று விற்றவர் விளக்கினாராம்.

அந்த மூன்று வாக்கியங்களில் முதலாவது முழு உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவதுதான் பொய். ஆனால் அந்தப் பொய்க்குப் பின்னால் ஒரு மெய்யான வரலாறு இருக்கிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஓடிய கார்களில் கலவையைச் சூடாக்கும் ஏற்பாடு ஏதேனும் ஒன்று இல்லாமல் பெரும்பாலும் இருந்ததில்லை. அன்று அது ஏன் தேவைப்பட்டது, பிறகு ஏன் கைவிடப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டால் இத்தகைய கருவிகளை எடைபோடுவது எளிது.

ஆவி எரிகிறது, திரவம் எரிவதில்லை

பெட்ரோல் எரிகிறது என்று நாம் சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் எரிவது பெட்ரோலின் ஆவி. திரவத் துளி ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே தீப்பொறி அதைப் பற்றவைக்க முடியும். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும்.

ஆவியாவதற்கு வெப்பம் தேவை. கையில் ஒரு துளி பெட்ரோல் பட்டால் சில்லென்று இருப்பது அதனால்தான். நம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு அது ஆவியாகிறது. இதனை உள்ளுறை வெப்பம் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் ஆவியாக ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும். கார்புரேட்டரில் இந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கலவையின் வெப்பநிலை சுமார் 20 டிகிரி செல்சியஸ் இறங்கும். காற்று குறுகிய வாய் வழியே விரைந்து செல்கையில் அழுத்தம் குறைவதாலும் குளிர்ச்சி கூடும். குளிர்ந்த கலவையில் மீதித் துளிகள் ஆவியாக மறுக்கும். ஆக, ஆவியாதல் தன்னைத் தானே தடுத்துக்கொள்கிறது.

காற்றில் ஈரமும் இருந்தால் இன்னொரு சிக்கல். கார்புரேட்டரின் உட்சுவரில் அந்த ஈரம் பனிக்கட்டியாகப் படியும். நம் ஊர் வெயிலில் பனிக்கட்டியா என்று சிரிக்க வேண்டாம். கார்புரேட்டர் பொருத்திய சிறு விமானங்களில் இது உயிர்ப் பிரச்சினை. வெளியே 38 டிகிரி வெப்பம் இருந்தாலும், காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடே ஆனாலும் கார்புரேட்டரில் பனி படியக்கூடும் என்று அமெரிக்க விமானிகளுக்கான அரசுக் கையேடு எச்சரிக்கிறது. அவ்விமானங்களில், புகைக்குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றைக் கார்புரேட்டருக்குத் திருப்பிவிட ஒரு தனிப் பிடி இருக்கும்.

முன்னோடிகள் கண்ட வழி

கார்ல் பென்ஸின் முதல் கார்களில் இருந்தது மேற்பரப்புக் கார்புரேட்டர். ஒரு தொட்டியில் எரிபொருள் இருக்கும். அதன் மேற்பரப்பை உரசிச் செல்லும் காற்று ஆவியை அள்ளிச் செல்லும். 1888இல் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தை மேற்கொண்டபோது வழியில் வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். அது லிக்ராயின் என்ற, எளிதில் ஆவியாகும் இலேசான கரைப்பான். இந்த முறையின் குறை என்னவென்றால், இலேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும். கனமான பகுதி தொட்டியிலேயே தங்கிவிடும். ஓட ஓட எஞ்சினுக்குக் கிடைக்கும் கலவை மாறிக்கொண்டே இருக்கும்.

இங்கிலாந்தில் லான்செஸ்டர் விளக்குத் திரியைப் போன்ற திரிகளைப் பயன்படுத்தினார். 1893இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக்கும், அதே ஆண்டு ஹங்கேரியின் பாங்கி, சோன்கா இருவரும் எரிபொருளைச் சிறு துளை வழியே தெளிக்கும் முறைக்கு வந்தார்கள். இதுவே பின்னர் உலகெங்கும் பரவிய கார்புரேட்டர். தெளிக்கும் முறையில் எல்லாப் பகுதியும் சேர்ந்தே உள்ளே போகும். ஆனால் ஆவியாகப் போகாது, துளியாகப் போகும். நிமிடத்துக்கு 1,600 முறை சுழலும் எஞ்சினில் ஒரு சிலிண்டர் கலவையை இழுத்துக்கொள்ளும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 50இல் ஒரு பங்குதான். அதற்குள் துளி ஆவியாக வேண்டும்.

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை தயாரித்த மாடல் டி, ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற கார். அதில் கண்ட தீர்வு மிக எளியது. புகைக்குழாயை ஒட்டி ஒரு தகரக் குழாய். அதன் வழியே சூடேறிய காற்று கார்புரேட்டரின் வாய்க்கு வரும். எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு இது நன்றாக வேலை செய்யும். ஆனால் பனிக்காலக் காலையில் எஞ்சினே குளிர்ந்து கிடக்கும்போது சூடான காற்றுக்கு எங்கே போவது? கெண்டியில் வெந்நீர் கொண்டுவந்து கலவை செல்லும் குழாயின் மேல் ஊற்றிவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினார்கள்.

எரிபொருள் கனமானது

இந்தச் சிக்கல் 1910களில் முற்றியது. அமெரிக்காவில் 1900இல் சுமார் 8,000 கார்களே பதிவாகியிருந்தன. 1920இல் அந்த எண்ணிக்கை 80 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அதுவரை மண்ணெண்ணெய்க்காகவே கச்சா எண்ணெயைக் காய்ச்சி, பெட்ரோலைத் துணைப் பொருளாகக் கண்ட ஆலைகள் இப்போது பெட்ரோலுக்குத் திண்டாடின. கனமான எண்ணெயை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உடைக்கும் பர்டன் முறை 1913இல் வந்தது, அதுவும் போதவில்லை. எனவே, முன்பு மண்ணெண்ணெயோடு சேர்த்த கனமான பகுதியில் ஒரு பங்கையும் பெட்ரோலில் விட்டார்கள். பெயர் பெட்ரோல்தான், ஆனால் பழைய பெட்ரோல் இல்லை.

விளைவு எஞ்சினில் தெரிந்தது. ஆவியாகாத துளிகள் குழாயின் சுவரில் படிந்து ஓடையாக ஓடின. வளைவுகளில் காற்று திரும்பியது, திரவம் நேரே போனது. ஒரு சிலிண்டருக்கு எரிபொருள் மிகுதி, இன்னொன்றுக்குப் பற்றாக்குறை. இதைவிடக் கொடுமை, எரியாத பெட்ரோல் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே வடிந்து மசகு எண்ணெயைத் தண்ணீராக்கியது. தாங்கிகள் தேய்ந்தன. பெட்ரோல் வீணானதைவிட எஞ்சின் வீணானதுதான் அன்றைய பெரும் கவலை எனலாம்.

இதற்குக் கிடைத்த விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது சூட்டுத்தளம். முழுக் காற்றையும் சூடாக்குவதற்குப் பதிலாக, கலவைக் குழாய் பிரியும் இடத்தில், துளிகள் மோதும் தரையை மட்டும் அடியிலிருந்து புகையின் வெப்பத்தால் சூடாக்குவது. காற்று இலேசானது, வளைந்து போய்விடும். துளி கனமானது, நேரே போய்ச் சூடான தளத்தில் மோதி ஆவியாகும். வெப்பம் தேவைப்படும் திரவத்துக்கு வெப்பம் கிடைக்கிறது, தேவைப்படாத காற்று அதிகம் சூடாவதில்லை. தளமும் அளவாகவே காய வேண்டும். தோசைக்கல் மிகையாகக் காய்ந்துவிட்டால் தெளித்த நீர் உடனே மறையாமல் முத்தாக உருண்டோடுவதை வீட்டில் பார்த்திருப்போம். பெட்ரோல் துளிக்கும் அதே கதிதான். எஞ்சின் சூடேறியதும் புகையைத் தானே வேறு வழியில் திருப்பிவிட, ஈருலோகச் சுருள் கொண்டு இயங்கும் அடைப்பிதழ்கள் பின்னர் வந்தன.

பேக்கார்டு நிறுவனம் 1920 வாக்கில் இன்னும் துணிச்சலாக ஒன்று செய்தது. கலவையில் ஒரு சிறு பங்கைத் தனி அறையில் ஸ்பார்க் பிளக்கால் எரித்து, அந்தச் சூட்டை மீதிக் கலவைக்கே கொடுத்தது. குளிர்ந்த எஞ்சினுக்கும் உடனே வெப்பம் கிடைத்தது. பெட்ரோல் ஆவி செல்லும் குழாயின் பக்கத்திலேயே ஓர் அடுப்பு என்று நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

வெப்பத்துக்குக் கொடுத்த விலை

வெப்பம் இலவசமாகக் கிடைத்தாலும் அதற்கு விலை உண்டு. கலவையை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறையும். சிலிண்டரின் கொள்ளளவு மாறாது; எனவே உள்ளே போகும் காற்றும் எரிபொருளும் குறையும், முழு ஆற்றலும் குறையும். மேலும், சூடான கலவை அழுத்தப்படும்போது தீப்பொறியின் சுடர் வந்து சேருமுன் தானே வெடித்து, எஞ்சினில் தட்டும் ஓசை கேட்கும்.

இந்தத் தட்டும் ஓசையைப் பற்றிய ஒரு கதையைச் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவின் டேட்டன் நகரில் சார்ல்ஸ் கெட்டரிங்கும் அவருடைய உதவியாளர் தாமஸ் மிட்ஜ்லியும் 1916இல் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் ஏன் தட்டுகிறது என்று ஆராய்ந்தார்கள். மண்ணெண்ணெய் உரிய நேரத்தில் ஆவியாகாததே காரணம் என்பது அவர்களின் ஊகம். பனிக்கிடையே பூக்கும் ஒரு சிறு செடியின் இலை சிவப்பாக இருப்பது கெட்டரிங்கின் நினைவுக்கு வந்தது. சிவப்பு நிறம் வெப்பத்தை ஈர்க்குமானால், எரிபொருளைச் சிவப்பாக்கினால் விரைவில் ஆவியாகுமே! சிவப்புச் சாயம் கிடைக்காததால் மிட்ஜ்லி அயோடினைக் கலந்தார். ஓசை குறைந்தது. பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. நிறமற்ற அயோடின் சேர்மத்தைக் கலந்தபோது மறுபடியும் குறைந்தது. நிறமும் ஆவியாதலும் காரணமல்ல, வேதியியல்தான் காரணம் என்று புரிந்தது. அந்தத் தேடல் 1921 டிசம்பரில் ஈயச் சேர்மத்தில் போய் முடிந்தது. 1923இல் விற்பனைக்கு வந்த அந்த ஈயப் பெட்ரோல் உலகின் காற்றை நஞ்சாக்கி, 2021இல் அல்ஜீரியா கைவிட்டதோடுதான் சாலைகளை விட்டு ஒழிந்தது.

மண்ணெண்ணெய் டிராக்டர்களில் மட்டும் சூடாக்குதல் நீண்ட காலம் நிலைத்தது. 1917இல் வந்த ஃபோர்ட்சன் போன்றவை பெட்ரோலில் கிளம்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறும்.

லிட்டருக்கு 70 கிலோமீட்டர்?

இனி அந்த மூன்றாவது வாக்கியம். 1930களில் கனடாவின் வின்னிபெக் நகரைச் சேர்ந்த சார்ல்ஸ் நெல்சன் போக் என்பவர் பெட்ரோலை முழுதும் ஆவியாக்கித் தரும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை பெற்றார். அது கேலனுக்கு 200 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 70 கிலோமீட்டர் தருவதாகச் செய்திகள் பரவின. நடுநிலையான சோதனை எதிலும் இது மெய்ப்பிக்கப்படவில்லை. எண்ணெய் நிறுவனங்கள் மறைத்துவிட்டன என்ற வதந்தி மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது.

நாமே கணக்குப் போடலாம். அக்காலத்துக் காரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்த 400 நியூட்டன் விசை போதும் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 70 கிலோமீட்டருக்குத் தேவையான ஆற்றல் 28 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது சுமார் 32 மெகாஜூல். அப்படியானால் எஞ்சின் 88 விழுக்காட்டை உழைப்பாக மாற்ற வேண்டும். அன்றைய எஞ்சின்கள் கலவையை ஆறில் ஒரு பங்காக அழுத்தின. உராய்வே இல்லாத, குறையே இல்லாத எஞ்சினாக இருந்தாலும் அந்த அழுத்தத்தில் 51 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது.

பெட்ரோல் எஞ்சினில் ஆற்றலின் பெரும்பங்கு வீணாவது உண்மை. ஆனால் அது எரியாத பெட்ரோலாகப் போவதில்லை. எரிந்த பின் வெப்பமாக ரேடியேட்டரிலும் புகையிலும் போகிறது. நன்றாகச் சூடேறிய எஞ்சினில் எரியாமல் தப்பும் பெட்ரோல் ஒரு சில விழுக்காடுதான். எத்தனை நேர்த்தியாக ஆவியாக்கினாலும் மிச்சம் பிடிக்க இருப்பது அந்தச் சில விழுக்காடு மட்டுமே.

பின்னர் வந்த பெட்ரோல் தெளிப்பு முறையில், கணினி அளந்து தெளிக்கும் நுண்துளிகள் வால்வின் சூடான முதுகில் விழுகின்றன; பழைய சூட்டுத்தளத்தின் பேரன் என்று அதைச் சொல்லலாம். சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகத் தெளிக்கும் எஞ்சின்களிலோ நிலைமை தலைகீழ். ஆவியாகும் பெட்ரோல் உள்ளே இருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது. தட்டும் ஓசை தள்ளிப்போகிறது. அதனால் கலவையை இன்னும் இறுக்கி அழுத்த முடிகிறது. மாடல் டி தகரக் குழாய் வைத்து விரட்டிய அதே குளிர்ச்சியை இங்கே வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள்.

அப்பாவின் செம்புச் சுருள் சூடாக்கியது கலவையை அல்ல, கார்புரேட்டருக்கு இன்னும் வந்து சேராத பெட்ரோலை. ஏற்கெனவே வெயிலில் காய்ந்த எஞ்சின் அறைக்குள், குழாயிலேயே பெட்ரோல் கொதித்துக் குமிழியானால் பம்பால் அதைத் தள்ள முடியாது. ஒரு நண்பகல் நேர நெரிசலில் கார் நின்றது. பட்டறையிலிருந்து வந்தவர் ஒரு துண்டை நனைத்துப் பம்பின் மேல் போட்டார். பத்து நிமிடத்தில் எஞ்சின் கிளம்பியது. பிறகு இடுக்கியை எடுத்து, ஒன்றும் சொல்லாமல், அந்தச் சுருளைக் கழற்றி அப்பாவின் கையில் கொடுத்தார்.