மாநாடு கலைந்த பிறகு மிஞ்சுவது என்ன?



வலீமா விருந்துக்கு ஐந்நூறு பேரை அழைத்து, ஒருவரும் பசியோடு திரும்பாமல் அனுப்பி வைக்கத் தெரிந்தவர்கள் நீங்கள். எத்தனை கிடாரம் அடுப்பில் ஏற்றுவது, எத்தனை சஹன் எடுப்பது, பாயை எங்கே விரிப்பது, தூரத்து மாமியை யார் கொண்டுபோய் விடுவது என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால், "உங்கள் தொழிலைப் பற்றி ஒரு மாநாடு நடத்துங்கள்" என்றால் மட்டும் தயங்கி நிற்பதேன்?

ஏறாவூர், காத்தான்குடி, மருதமுனை என்று மட்டக்களப்பு வாவியை ஒட்டிய நமது ஊர்களில் இன்று ஆசிரியைகள் இருக்கிறார்கள். தாதியரும் மருத்துவமாதுகளும் பெண் வைத்தியர்களும் இருக்கிறார்கள். தத்தம் வேலையில் கண்டதையும் கற்றதையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இவர்களுக்கு ஓர் இடம் வேண்டாமா? மாநாடு என்று ஒன்று நடந்தாலும் பல இடங்களில் பெண்களின் பங்கு சமையற்கட்டோடும் பின்வரிசையோடும் முடிந்துவிடுகிறது. இந்த நிலை மாறவேண்டுமானால், மாநாட்டைத் திட்டமிடும் இடத்திலேயே பெண்கள் அமர வேண்டும்.

நமக்குப் புதிதல்ல

மாநாடு என்பது கொழும்புக்காரர்களின் காரியம் என்று எண்ண வேண்டாம். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் தனிநாயகம் அடிகளார் முன்னின்று கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை நடத்தினார். அதே 1966இல்தான், நெசவுக்குப் பேர்போன நமது மருதமுனையிலும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஒரு மாநாடு கூடியது. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் அவர்களின் ஊர் அது. மாட மாளிகையும் நட்சத்திர ஹோட்டலும் இல்லாத ஊர்!

பின்னர் 1973இல் திருச்சியிலும், 1978இல் காயல்பட்டினத்திலும், 1979இல் கொழும்பிலும், 1990இல் கீழக்கரையிலும், 2002இல் மீண்டும் கொழும்பிலும் இத்தகைய மாநாடுகள் நடந்தன. பேராசிரியர் ம. மு. உவைஸ் போன்ற அறிஞர்கள் இந்தத் துறைக்கே வாழ்நாளைக் கொடுத்தார்கள்.

அந்த மாநாடுகளில் போர்த்திய பொன்னாடைகள் இன்று எங்கே? யாருக்கும் தெரியாது. ஆனால் அச்சிட்டு வைத்த மலர்களும் கட்டுரைகளும் இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் மின்னூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களோடு இத்தகைய மலர்களையும் சேர்த்துப் பாதுகாத்து வருகிறது. மாநாட்டில் மிஞ்சுவது எது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பேச வேண்டியவர் பேசி, கேட்க வேண்டியவர் கேட்டு, அது எழுத்தில் நின்றால் அந்த மாநாடு வெற்றி. மற்றதெல்லாம் அலங்காரம்தான்.

முதலில் ஒரு கேள்வி

உதாரணத்துக்கு, முன்பள்ளி ஆசிரியைகள் 120 பேர் கூடும் ஒருநாள் மாநாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

"கல்வியின் சிறப்பு" என்று தலைப்பு வைத்தால் வருகிறவர்களெல்லாம் கல்வியைப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். மாறாக, "நான்கு வயதுப் பிள்ளையை எழுதச் சொல்லி வற்புறுத்தலாமா?" என்று கேளுங்கள். ஒவ்வோர் ஆசிரியைக்கும் சொல்ல ஓர் அனுபவம் இருக்கும். எழுதப் பழக்கவில்லையே என்று கோபித்துக்கொள்ளும் பெற்றோரின் முகமும் நினைவுக்கு வரும். தொழிலில் உள்ளவர் தினமும் முட்டிக்கொள்ளும் கேள்வியே மாநாட்டுக்கு ஏற்ற கேள்வி.

கேள்வி கிடைத்ததும் ஐந்து பேர் கொண்ட குழு போதும். கட்டுரைகள், பணம், இடமும் ஒலிபெருக்கியும், சாப்பாடு, வரவேற்பும் போக்குவரத்தும் என ஆளுக்கொரு பொறுப்பு. "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்ட வேலையை ஒருவரும் பார்ப்பதில்லை என்பது கலியாண வீட்டிலேயே நாம் கண்டதுதானே!

நாள் பார்ப்பது எப்படி?

குறைந்தது நான்கு மாதம் முன்னதாக நாளைக் குறியுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழைக் காலம். பாதைகள் வெள்ளத்தில் மூழ்கினால் படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் பாடு திண்டாட்டம். நோன்பு மாதம் ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினொரு நாள் முந்தி வருவதால், சென்ற வருடக் கலண்டரை நம்ப வேண்டாம். பரீட்சைக் காலத்தையும் வெள்ளிக்கிழமையையும் விலக்குங்கள். சனிக்கிழமையோ போயா விடுமுறையோ ஆசிரியைகளுக்கு வசதி.

கொழும்பிலிருந்து ஒரு பேச்சாளரை அழைக்கிறீர்களா? கோட்டையில் காலையில் புறப்படும் உதயதேவி ரயில் மட்டக்களப்பை அடையப் பிற்பகலாகிவிடும். ஆகவே அவர் முந்திய நாளே வந்து தங்க வேண்டும். தங்குமிடச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குமுன், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருப்பதை மறக்க வேண்டாம். அருகிலேயே அறிவு இருக்கும்போது தூரத்தில் தேடுவானேன்?

யார் பேசுவது?

பேச்சாளர் நான்கு பேர் போதும். ஒருவருக்கு 20 நிமிடம். அதன்பின் கேள்விக்கு 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தை எவருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாநாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நான்கு பேரில் இருவராவது நாள்தோறும் பிள்ளைகளோடு இருக்கும் ஆசிரியைகளாக இருக்கட்டும். "எனக்குப் பேசத் தெரியாதே" என்பார்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பே கட்டுரை கையில் வந்துவிட வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் வாசித்து, எங்கே தெளிவில்லை என்று சொன்னால் திருத்திக்கொள்ளலாம். வாசித்துப் பழகியவருக்கு மேடையில் கை நடுங்காது.

திரைக்கு இப்பாலும் ஓர் ஒலிவாங்கி

ஆண்களும் பெண்களும் கலந்துகொள்ளும் மாநாடாக இருந்தால் பெண்களுக்குத் தனி இடம் ஒதுக்குவது நமது ஊர் வழக்கம். அங்கே ஒலிபெருக்கி மட்டும் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். காதுக்கு வழி உண்டு, வாய்க்கு வழி இல்லை! பெண்கள் பகுதியிலும் ஓர் ஒலிவாங்கி வையுங்கள். மேடையில் காட்டும் படங்களும் அட்டவணைகளும் அங்கிருந்து தெரிகின்றனவா என்று முந்திய நாளே அமர்ந்து பாருங்கள். கேள்வி நேரத்தில் இரு பகுதிக்கும் மாறி மாறி வாய்ப்புக் கொடுக்கத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பால் கொடுக்கும் தாய்க்கு ஓர் அறை, குழந்தையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான இருவர், வுளூச் செய்யவும் தொழவும் இடம், சுத்தமான கழிவறை ஆகிய நான்கும் இல்லாவிட்டால் அழைப்பிதழ் அழகாயிருந்தும் பயனில்லை. வர நினைத்த சகோதரி வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

கணக்கும் கையும்

மண்டபம், ஒலிபெருக்கி, அச்சு, உணவு, பயணம், எதிர்பாராத செலவு என்று ஆறு தலைப்பிட்டு எழுதுங்கள். எதிர்பாராத செலவுக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். முடிவறிக்கை அச்சிடும் பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். கடைசியில் பார்ப்போம் என்றால் அது புரியாணியில் கரைந்துவிடும்!

உணவு எளிமையாக இருக்கட்டும். சஹனுக்கு ஆறு பேர் என்றால் 120 பேருக்கு 20 சஹன். வெவ்வேறு ஊர் ஆசிரியைகளை ஒரே சஹனில் அமர வைத்தால் மேடையில் பேசக் கூசியவர்களும் அங்கே மனம் திறப்பார்கள். மாற்று மதச் சகோதரிகள் வருவதாக இருந்தால், மரக்கறி உணவையும் தனித்தட்டையும் மறவாதீர்கள்.

மண்டபத்துக்கு வெளியே கூட்டம் கூடுவதாக இருந்தால் அனுமதியையும் மின்கம்பிகளையும் முதலில் பாருங்கள். 1974 ஜனவரி 10ஆம் திகதி, யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் கூட்டத்தில் பொலிஸார் தலையிட்டபோது மின்கம்பி அறுந்து உயிர்கள் பலியாயின. ஆராய்ச்சிக்குக் கூடிய மாநாடு இன்றும் அந்தத் துயரத்தாலேயே நினைவுகூரப்படுகிறது.

அன்றைய நாள்

8.30க்குப் பதிவு. 9 மணிக்கு ஆரம்பம். பிரதம அதிதி வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். கைக்குழந்தையோடு பஸ் ஏறி நேரத்துக்கு வந்தவளும் நமது அதிதிதான். அதிதிக்கு இறுதியில் பத்து நிமிடம் கொடுத்தால், அதுவரை பேசப்பட்டதைக் கேட்டுவிட்டுப் பேசுவார். மதியத்துக்குமுன் இரண்டு கட்டுரைகள். லுஹருக்கு 12 மணியளவில் பாங்கு சொல்லிவிடுமாதலால் தொழுகைக்கும் சாப்பாட்டுக்குமாக ஒன்றேகால் மணி நேரம் விடுங்கள். பின்னர் மற்ற இரண்டு கட்டுரைகள். மூன்றரைக்கு முடித்துவிட்டால், அஸரைத் தொழுதுவிட்டு, மஃரிபுக்குமுன் எல்லாரும் வீடு சேரலாம். வீட்டார் அடுத்த முறையும் சந்தோஷமாக அனுப்புவார்கள்.

முப்பது நாளுக்குள்

கலைந்து போகுமுன், கூடியவர்கள் ஒத்துக்கொண்ட மூன்று முடிவுகளை வாசித்துக் காட்டுங்கள். முப்பது நாளுக்குள் கட்டுரைகளையும் கேள்வி பதில்களையும் சிறு நூலாக அச்சிடுங்கள். வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஒன்று, ஊர் நூலகத்துக்கு ஒன்று, வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று. வர முடியாமற்போன சகோதரியும் வாசிப்பாள். தன் பெயர் அச்சில் வந்த ஆசிரியை அடுத்த கட்டுரையை எவரும் கேளாமலே எழுதத் தொடங்குவாள்.

எனவே சகோதரிகளே, பெரிய மண்டபமும் பெரிய மனிதரும் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் பாடசாலையில், உங்கள் வைத்தியசாலையில், உங்களோடு வேலை செய்யும் மூவரிடம் இந்த வாரமே கேளுங்கள்: "நம்முடைய வேலையில் நம்மை அதிகம் வாட்டும் கேள்வி எது?" மூவரும் ஒரே கேள்வியைச் சொன்னால், இன்ஷா அல்லாஹ், உங்கள் மாநாட்டுக்குத் தலைப்புக் கிடைத்துவிட்டது!