குறளுருவும் மெய்ம்மறையும்

போர்க்களத்திலே வீரனது உடலைக் காக்கும் கவசத்தை 'மெய்ம்மறை' என்றனர் பழந்தமிழர். பெயர் அழகியது, ஆயின் அதனைச் சுமப்பவன் துன்பம் பெரிது. தடிப்பு மிகுந்தாற் காவல் மிகும். பாரமும் உடன் மிகும்.

இவ்விடரைக் குறைக்க வழிகாட்டியவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவின் டூபொண்ட் நிறுவனத்தில் ஆய்வாளராயிருந்த ஸ்டெபனி குவோலெக், 1965ஆம் ஆண்டிலே ஒரு பல்பகுதியக் கரைசலை ஆக்கினார். அது மோர்போற் கலங்கி நீர்த்திருந்தமையால், நூற்குங் கருவியின் நுண்டுளைகள் அடைபடுமென அஞ்சி, அதனை நூற்கத் தயங்கினார் கருவியை இயக்கியவர். அம்மையார் விடாது வற்புறுத்தி நூற்பித்தார். கெவ்லார் இழை பிறந்தது. நிறைக்கு நிறை ஒப்பிடின் அஃது உருக்கினும் ஐந்து மடங்கு வலியது. துவக்குக் குண்டு தாக்குங்கால், நெருங்கப் பின்னிய இழைகள் இழுபட்டு நீண்டு அதன் ஆற்றலைப் பரப்பி உண்டுவிடுகின்றன.

இன்று இத்துறையிற் புகுந்திருப்பவை நனோப் பொருட்கள். 'நனோ' என்பது குள்ளனைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. நம் மொழியில் அதற்கு நேரானது 'குறள்'. ஒரு மீற்றரை நூறு கோடி கூறிட்டால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். காரீயத்தின் ஓரணுத் தடிப்புள்ள தாளே கிராபீன். 2014இல் அமெரிக்க ஆய்வாளர், கிராபீன் அடுக்குகளின்மீது நுண்ணிய சிலிக்கா உருண்டைகளை மிகுவேகத்தில் எய்தனர். நிறைக்கு நிறை, உருக்கினும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றலை அவை ஏற்றன.

எனினும், அவ்வுருண்டைகள் கண்ணுக்குப் புலப்படாதவை. அடுக்குகளோ மயிரிழையினும் மெல்லியவை. மனித மார்பளவுக்குக் கவசஞ் செய்யப் புகுந்தால் இடர் தோன்றுகிறது. பிசினிற் கலந்த நனோத் துகள்கள் சீராகப் பரவாது, ஒன்றையொன்று பற்றித் திரளுகின்றன. திரண்ட இடம் வலிவிடமன்று, வெடிப்புத் தொடங்குமிடம். இழைக்கும் பிசினுக்குமுள்ள பற்றும் அளவோடிருத்தல் வேண்டும். குறையின் இழை எளிதிற் கழன்றுவிடும். மிகின் வழுக்காது முறிந்து, ஆற்றலை உண்ணாதொழியும்.

ஆய்வுகூடத்து வலிமையை மட்டும் நம்பலாகாது என்பதற்குச் சைலோன் இழையே சான்று. கெவ்லாரினும் வலியதென அது போற்றப்பட்டது. 2003இல் அமெரிக்கக் காவலர் ஒருவர் அணிந்த சைலோன் சட்டையை, அது தடுத்திருக்கவேண்டிய குண்டே துளைத்தது. ஈரமும் ஒளியும் அவ்விழையை நலிவிப்பது பின்னர்ப் புலனாயிற்று. 2005இல் அந்நாட்டு அரசு அவ்விழைக் கவசங்களைத் தகுதிப் பட்டியலினின்று நீக்கியது.

குறளுருவாய் வந்தவன் உலகளந்த கதையை நாம் அறிவோம். இக்குறளும் ஒருநாள் ஓங்கி வளர்தல் கூடும். அதுகாறும் விளம்பர உரையை நம்பி ஓர் உயிரைக் களத்துக்கு அனுப்புதல் அறமாகாது. மெய்ம்மறை உடலை மறைத்தற்கு உரியது, உண்மையை மறைத்தற்கன்று.